பாலம் மேலெழும்பிய மத்தியானம்

“சேர், பாலம் எழும்புது!”

பாலத்துக்கு அடியில் குந்தியிருந்த என் மகள் ஜெனிற்றா தன் பெரிய எஞ்சினியரைப் பார்த்து இப்படிக் கத்தியபோது, நான் வீதி தெரியாத ஓடைக் கரைச் சரிவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். பாலம் விழுகிறது என்று அவள் கத்துவாள் என ஒரு கிழமையாக எதிர்பார்த்திருந்தேன். அதற்கு என்ன செய்வதென்றும் முடிவாகியிருந்தது: ஓடிப்போய் அவளுடைய காலைப் பிடித்து வெளியே இழுப்பது. எழும்புகிற பாலத்துக்கு என்ன செய்வதென்று யோசித்து வைக்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று ஓடிப்போய்க் காலைப் பிடித்தேன்.

“அம்மா, விடுங்கோ! அளவு பிசகப் போகுது!”

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தத் தொடரில் இதுவரை பழைய கதைகளையே எழுதி வந்தேன். அவற்றின் பயம் ஆறிப்போனது. இது சுடச்சுட இருக்கிற பயம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சொதிக்குள் விழுந்த வீடு

பிள்ளை பாலம் கட்டப் போனதற்குக் காரணம் ஒரு சொதிச் சட்டி.

மன்னார்த் தீவின் உப்புக்குளத்தில் எங்கள் வீடு. கடற்காற்றுக்கு வாசல் எது, ஜன்னல் எது என்ற பேதம் கிடையாது. படலையின் பிணைச்சல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து உதிரும். சைக்கிள் செயின் அதற்கும் முந்தும். ஆனால் வீட்டுக் கூரைத் தட்டுக்குள் இருக்கிற கம்பியும் அப்படித்தான் என்பதை நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலால் வந்து இடியப்பத்தோடு இருக்கும்போது, மேலேயிருந்து உள்ளங்கை அளவு கொங்கிறீற் துண்டு ஒன்று நேராகச் சொதிக்குள் விழுந்தது.

நான் அலறினேன். என் கணவர், “சொதி போச்சு” என்றார். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஜெனிற்றா மட்டும் துண்டைச் சட்டிக்குள்ளிருந்து எடுத்து, குழாயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கம்பி கறள் பிடிச்சு ஊதியிருக்கு, அப்பா. அதுதான் கொங்கிறீற்றைத் தள்ளி விழுத்தியிருக்கு.”

“வடிவா ஊதட்டும். நீ சாப்பிடு.”

அன்று சாப்பிடாமல் யோசித்தவள், பிறகு பொறியியல் படித்து, வீதிகளும் பாலங்களும் கட்டும் வேலைக்குப் போய், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கம்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வெளிறிய பச்சை நிறம். கண்ணாடியை நூலாக இழுத்து, பசையில் தோய்த்து இறுக்கிச் செய்தது. துருப்பிடிக்காது. இரும்புக்குப் பதிலாக இதைப் போட்டு ஒரு சின்னப் பாலம் கட்டிச் சோதித்துப் பார்க்கப் போகிறார்களாம். சரிவந்தால் இந்தக் கரையோரத்தில் உக்கிப்போய் நிற்கிற மற்றப் பாலங்களுக்கும் இதுதான்.

தூக்கிப் பார்த்தேன். ஈர்க்கு மாதிரி இருந்தது.

“இதுவோ பாலத்தைத் தாங்கும்?”

“இரும்பைவிடக் கூட இழுவை தாங்கும், அம்மா.”

என் கணவர் மறுபேச்சில்லாமல் அதன் முனையில் ஒரு கொளுக்கியைக் கட்டி முருங்கைக்காய் பறித்தார். இன்றும் எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு அதுதான். எதிர்காலத்துப் பாலங்களின் முதற் சோதனை எங்கள் முருங்கையில் நடந்தது என்று எங்காவது பதியப்பட வேண்டும்.

கண்ணாடிப் பாலம்

சோதனைப் பாலத்துக்குத் தெரிவான இடம் ஓலைத்தொடுவாய்ப் பக்கம். மாரியில் கடல்நீர் ஏறிவரும் ஓர் ஓடை. கோடையில் காய்ந்து உப்புப் பூத்துக் கிடக்கும். பாலத்தின் நீளம் இரண்டு பஸ்ஸுக்குக்கூடக் காணாது. ஆனால் மாரியில் அந்த ஓடையால் மீன் பெட்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஊரைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

கண்ணாடிக் கம்பி போட்ட பாலம் என்ற செய்தி ஊருக்குள் போனபோது, கம்பி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. கண்ணாடிப் பாலம் மட்டும் போய்ச் சேர்ந்தது. மாதர் சங்கத் தலைவி பிலோமினா அக்கா நாலு பெண்களோடு ஜெனிற்றாவிடம் வந்தார். ஓடைக்குப் பக்கத்தில், கருவாடு காயவைக்கிற வாடியிலிருந்து நேரே வந்திருந்தார். கையில் மீன் செதில் மினுங்கியது.

“பிள்ளை, பாலம் வாறது நல்ல விசயம். ஆனா கண்ணாடி எங்களுக்குச் சரிவராது.”

“ஏன் அக்கா? நல்ல பலம்.”

“பலத்தை ஆர் கேட்டது? கீழ இறால் பிடிக்கிற பெடியள் நிப்பாங்கள். நாங்கள் மேலால பாவாடையோட போறதோ?”

விசயத்தை விளங்கப்படுத்த ஜெனிற்றாவுக்கு ஒரு பின்னேரம் பிடித்தது. பாலம் எல்லாப் பாலத்தையும் போலச் சாம்பல் நிறத்தில் எழும்பியபோது அந்தப் பெண்களுக்கு ஆறுதல். இறால் பிடிக்கிற பெடியன்களுக்குத்தான் ஏமாற்றம் என்று பிலோமினா அக்கா பிறகு சொன்னார்.

நிறை தெரியாத ஒருவர்

எங்கள் தீவின் கழுதைகளைப் பற்றி வெளியூரார் புதினமாகப் பேசுவார்கள். எங்களுக்கு அவை நகரசபை உறுப்பினர்கள் மாதிரி. நடுவீதியில் நிற்கும், நாங்கள் விலத்திப் போவோம்.

கொங்கிறீற் போட்டு, இறுகி, மேலே நடக்கலாம் என்று சொன்ன நாளில், பாலத்தின் நடுவில் ஒரு கழுதை போய்ப் படுத்துக்கொண்டது. சூடான கொங்கிறீற் அதன் வயிற்றுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். பாலம் எவ்வளவு தொய்கிறதென்று காட்டும் அளவுமானிகளைப் பூட்ட வந்த பெரிய எஞ்சினியர் நிமால் சேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் தெற்கத்தி ஆள். வடக்கில் பல காலம் வேலை செய்து தமிழ் பழகியவர்.

“மிஸ் ஜெனிற்றா, இவர் எத்தனை கிலோ?”

“தெரியாது, சேர்.”

“அப்போ இறங்க வேணும். நிறை தெரியாத ஒராளும் என்னுடைய பாலத்தில் இருக்க முடியாது.”

அவர் சொன்னது பகிடி இல்லை. பாரச் சோதனையின் முதல் விதியே அதுதான். பாலத்தின் மேல் இருக்கிற ஒவ்வொன்றின் நிறையும் தெரிய வேண்டும். இதை நினைவில் வைத்திருங்கள். பின்னுக்கு உதவும்.

காலைத் தூக்குதல்

என்னைப் பற்றியும் ஒரு விசயம் சொல்ல வேண்டும்.

நான் நானாட்டானில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு நாளும் காலையில் பஸ்ஸில் பெரிய பாலத்தைக் கடந்து தீவை விட்டுப் போய், பின்னேரம் அதே பாலத்தால் திரும்பி வருகிறேன். பஸ் பாலத்தில் ஏறியவுடன் என் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடும். மூச்சையும் பிடித்துக்கொள்வேன். பஸ் பாலத்தால் இறங்கியதும் கால் இறங்கும்.

பாரத்தைக் குறைக்கிறேனாம்.

காலைத் தூக்கினால் நிறை குறையாது என்பதை எட்டாம் வகுப்புக்கு நானே படிப்பிக்கிறேன். அந்தப் பாடத்துக்குப் போகிற வழியில்தான் காலையும் தூக்குகிறேன்.

சண்டைக் காலத்தில் பழைய பாலம் உடைந்து கிடந்தபோது நான் சிறுபிள்ளை. வள்ளத்தில் அதன் பக்கத்தால் போனோம். முறிந்த தட்டு தண்ணீருக்குள் சரிந்து கிடக்க, அதன் மேல் நீர்க்காகங்கள் வரிசையாக இருந்து சிறகு காய வைத்தன. அம்மா என் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். எனக்கு உச்சந்தலை வலித்தது, சத்தம் போடவில்லை. அப்போதிருந்து பாலம் என்பது என் அறிவில் ஒன்று, காலில் வேறொன்று.

ஜெனிற்றா குழந்தையாக என் மடியில் இருந்து பஸ்ஸில் வரும்போது, என்னைப் பார்த்துத் தானும் காலைத் தூக்குவாள். பெரியவளானதும் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம், “சோதனைக்குப் பாலத்துக்கு மேல பத்துத் தொன் வைப்பம், நான் அடியில இருந்து அளவு பாப்பன்” என்று மகள் சொன்னால் எப்படி இருக்கும்?

“விழுந்தா?”

“அடியில கட்டை அடுக்கியிருக்கு, அம்மா. விழுந்தாலும் ஒரு சாண்தான் விழும்.”

“ஒரு சாண் காணாதோ?”

“நான் கட்டைக்கு வெளியிலதான் இருப்பன். தலைக்கு ஹெல்மெற்றும் இருக்கு.”

“பத்துத் தொன்னுக்கு ஹெல்மெற்றோ?”

என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “நீர் போய்க் கரையில இரும். பாலத்துக்கும் ஒரு பயம் இருக்கும்” என்றார். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, செபமாலையும் தண்ணீர்ப் போத்தலுமாக நான் ஓலைத்தொடுவாயில் இருந்தேன்.

தண்ணீர்ப் பாரம்

பாரத்துக்கு முதலில் மணல் மூடை வைப்பதாக இருந்தது. மன்னாரில் மணலை அள்ளுவது எவ்வளவு சச்சரவான விசயம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சோதனைக்குத்தான், திருப்பிக் கொட்டிவிடுவோம் என்று ஜெனிற்றா அனுமதி கேட்டு எந்தக் கந்தோரில் சொன்னாலும், “எல்லாரும் அப்படித்தான் சொல்லினம்” என்றார்கள்.

அதனால் தண்ணீர். ஒரு லீற்றர் ஒரு கிலோ; கணக்கும் சுகம். கோயில் திருநாளுக்கு யாத்திரிகர்களுக்காக வைக்கிற பெரிய கறுப்புத் தாங்கிகளை இரவல் வாங்கிப் பாலத்தின் மேல் வரிசையாக வைத்தாள். றியாஸ் என்ற றைவர் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து, பலமுறை போய்வந்து, எல்லாவற்றையும் நிரப்பினார். ஒவ்வொரு தாங்கி நிரம்பும்போதும் அடியில் அளவுமானியின் முள் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. பாலம் தொய்ந்தது, ஆனால் கணக்கில் எழுதியிருந்த அளவுக்குள்தான். இப்படியே அடுத்த நாள் வரை பாரம் குறையாமல் நிற்க வேண்டும். பிறகு தண்ணீரைத் திறந்துவிட, பாலம் பழைய இடத்துக்கு வர வேண்டும். இடையில் பாரம் ஓர் எல்லைக்கு மேல் இறங்கினால் சோதனை தோற்றதாகவே எழுதப்படும். அளவுமானிகள் மறுநாள் தெற்குக்குத் திரும்பிவிடும். மற்றப் பாலங்களுக்குப் பழையபடி இரும்புக் கம்பி, பழையபடி கறள். ஜெனிற்றாவின் இரண்டு வருட உழைப்பில் மிஞ்சுவது எங்கள் முருங்கைத் தடிதான்.

மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. பிறகுதான் பாலம் எழும்பியது.

நிமால் சேர் குனிந்து முள்ளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“மிஸ், பாலம் ஏன் மேலே வாறது? பாரத்தோடு நிக்கும்போது எந்தப் பாலமும் மேலே வராது.”

“தெரியேல்ல, சேர். வெயிலுக்கோ?”

“வெயிலுக்கு இவ்வளவு வராது. புதுச் சாமான்தானே… பாரத்துக்குப் பழகி, பலம் கூடுதோ?” அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “உலகத்தில் ஒருவரும் கண்டிருக்க மாட்டினம்.”

இரண்டு எஞ்சினியர்களும் முள்ளைப் பார்த்தார்கள். அது இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். பாலம் விழுவதற்கு எதிர்த் திசையில் போகிறது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“தள்ளாதேங்கோடி, வரிசையில வாங்கோ! எல்லாருக்கும் கிடக்கு!”

எடுத்தவர்கள் ஏறுங்கள்

மூவரும் கரையில் ஏறிப் பார்த்தோம். மஞ்சள், நீலம், சிவப்பு என்று தண்ணீர்க் கான்கள் வீதி முழுக்க வரிசையாக நின்றன. ஆட்கள் வெயிலுக்கு மதிலோரம் ஒதுங்கியிருக்க, அவர்களுக்காகக் கான்கள் இடம்பிடித்து நின்றன. பிலோமினா அக்கா முதல் தாங்கியின் குழாயடியில் நின்று ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். அந்தத் தாங்கி முடிந்துபோயிருந்தது. அடுத்தது பாதி.

கிணறெல்லாம் உவர்த்துப்போன கோடையில், திருநாள் தாங்கிகளை வரிசையாக வைத்து, பவுசர் வந்து நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனால், அது எதற்கு என்று இந்தத் தீவில் யாரும் கேட்கமாட்டார்கள். கானை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

“ஐயோ அக்கா! அது குடிக்கிறதுக்கு இல்ல, பாரம்!” என்றாள் ஜெனிற்றா.

“பாரம்தான் பிள்ளை, ஆனா தூக்கீற்றம்” என்றார் பிலோமினா அக்கா, அன்பாக.

விளங்கியதும் ஊர் அதிர்ந்துபோயிற்று. கையிலிருந்த கான்களைத் திருப்பி ஊற்றினார்கள். ஆனால் வீட்டுக்குப் போன தண்ணீர் திரும்புமா? ஒருத்தி அரிசி களைந்துவிட்டாள். ஒருத்தி பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டாள். ஜெனிற்றா றியாஸுக்கு அழைத்தாள். அவர் அடுத்த ஊருக்குப் போயிருந்தார். திரும்பி நிரப்பிக்கொண்டு வர ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

“முள் இன்னும் எல்லையைத் தாண்டவில்லை,” என்றார் நிமால் சேர். “ஆனால் இப்பிடி ஒரு மணித்தியாலம் விட முடியாது. குறைஞ்ச பாரத்தை இப்பவே வைக்க வேணும். ஒன்றரைத் தொன். எங்கே இருக்கு?”

ஜெனிற்றா ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்துவிட்டாள். சொதிக்குள்ளிருந்து எடுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளே, அதே முகம். இந்த முறை கையில்தான் ஒன்றும் இல்லை.

ஒரு கிழமையாக நான் வேண்டியது இதுதான்: பாரம் குறைய வேண்டும். குறைந்துவிட்டது. பிள்ளை பத்திரமாக வெளியே இருக்கிறாள். இந்த இடத்தில் ஒரு தாய் சந்தோசப்பட வேண்டும்.

என் வாயிலிருந்து வந்தது வகுப்பறைக் குரல்.

“தண்ணி எடுத்தவை எல்லாரும் பாலத்தில ஏறுங்கோ!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிமால் சேர் இரண்டு கையையும் விரித்தார். “ரீச்சர்! சோதனைப் பாலத்தில் ஆட்கள் ஏற முடியாது!”

“ஏன் ஏறக்கூடாது, சேர்?” பிலோமினா அக்கா கேட்டார். “மாரிக்கு நாங்கள்தானே ஏறப் போறம்? எடுத்ததையும்விடக் கூடவோ நிக்கப் போறம்?”

நிமால் சேர் அடியில் அடுக்கிய கட்டைகளைப் பார்த்தார். பிறகு ஜெனிற்றாவைப் பார்த்தார். “காலையில் முழுப் பாரத்தையும் தாங்கினதுதான்,” என்றாள் அவள், மெதுவாக எழும்பிக்கொண்டே. அவர் பெருமூச்சு விட்டு, “ஒரு நிபந்தனை. நிறை தெரியாத ஒராளும் ஏற முடியாது” என்றார்.

கருவாட்டு வாடியிலிருந்து மேடைத் தராசு ஓடி வந்தது. தராசுக்கார மனிதருக்குப் பழக்கம் விடவில்லை. முதலில் ஏறியவரின் நிறையை ஏலம் கூறுகிற சுருதியில் ஊருக்கே கேட்கச் சொன்னார்.

“வாயைப் பொத்தும்!” என்றார் பிலோமினா அக்கா, தராசில் நின்றபடியே. “நான் என்ன பாரை மீனோ?”

அதன் பிறகு நிறைகள் ஜெனிற்றாவின் காதுக்குள் மட்டும் சொல்லப்பட்டன. சிலர் செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தி காதுத் தோட்டையும் கழற்றினாள். பாரம் வேண்டும் என்கிற இடத்தில்கூட எங்கள் பெண்கள் குறைத்துக் காட்டவே பார்த்தார்கள். காலியான தாங்கிகளைச் சுற்றி, ஜெனிற்றா காட்டிய இடத்தில் ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள்.

“இன்னும் ஒராள் ஏறினாக் காணும்,” என்றாள் ஜெனிற்றா.

“ரீச்சர் நிக்கிறா,” என்றார் பிலோமினா அக்கா.

“நான் தண்ணி எடுக்கேல்ல!”

“எடுத்தனீங்கள். முதல் முதல் கரையில நிண்டே எட்டிக் குழாயைத் திறந்து போத்தல் நிரப்பினது நீங்கள்தான். நான் வாடியில நிண்டு கண்டனான். ரீச்சரே எடுக்கிறா, அப்ப எடுக்கலாம் எண்டுதானே நாங்கள் கானோட வந்தனாங்கள்?”

என் கையிலிருந்த போத்தலை எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அரைவாசி குடித்திருந்தேன்.

தராசில் ஏறினேன். நிறையை மகளின் காதுக்குள் சொன்னார்கள். அவள் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. பிறகு ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு நிமால் சேரோடு கீழே இறங்கிப் போனாள்.

நான் பாலத்தில் கால் வைத்தேன். கொங்கிறீற் செருப்புக்குள்ளால் சுட்டது. என் பிள்ளையின் தலைக்கு மேல் இருக்கிற பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று வந்தவள், அந்தப் பாரமாகவே போய் நின்றேன்.

“அம்மா, இன்னும் நடுவுக்கு வாங்கோ.” கீழேயிருந்து குரல் வந்தது.

போனேன். மூச்சு தானாக நின்றது. வலது குதி மெல்ல எழும்பியது.

“அம்மா, காலைத் தூக்காதேங்கோ.”

அவளுக்கு நான் தெரியவே மாட்டேன். நடுவில் அந்தத் தடித்த கொங்கிறீற் இருந்தது.

“தூக்கினாலும் நிறை அதேதான். நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள்.”

குதியை இறக்கினேன். பிறகு கீழேயிருந்து நிமால் சேர், “பழைய இடம்! சரியா பழைய இடம்!” என்று கத்தினார். பெண்கள் கைதட்டப் பார்க்க, “ஆடக்கூடாது!” என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

பவுசர் வரும்வரை அப்படியே நின்றோம். பிலோமினா அக்கா மாதா பாட்டொன்றை எடுத்துக் கொடுக்க, தாளம் போடாமல் பாடினோம். நடுவில் அந்தக் கழுதை வந்து ஏறப் பார்த்தது. “இவருக்கு நிறை தெரியாது” என்று ஊரே சேர்ந்து துரத்தியது.

றியாஸ் வந்து நிரப்பினார். குழாய்களுக்குச் சாக்குக் கட்டினார்கள். இரவிரவாகத் தாங்கிகளுக்குக் காவலிருந்தது, தண்ணீர் எடுத்த பெண்கள்தான். மறுநாள் தண்ணீரைத் திறந்துவிட்டபோது ஊருக்கு ஒரு சொட்டும் வீண் போகவில்லை. பாலமும் தன் பழைய இடத்துக்கு வந்து நின்றது. சோதனை சரி என்று நிமால் சேர் எழுதிக்கொண்டு போனார். அடுத்த பாலத்துக்குப் பச்சைக் கம்பிதான்.

திங்கட்கிழமை வழமைபோல நானாட்டானுக்குப் பஸ் ஏறினேன். பெரிய பாலம் வந்தது. பழக்கத்தில் கால் இரண்டும் எழும்பின. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள்.

ஒன்றை இறக்கினேன்.

மற்றதுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.